ஊர் திரும்பியவனும் ஊருக்கு வந்தவனும்

நீங்கள் கேட்டது இது: தய்யிப் சாலிஹின் ‘வடக்கே இடம்பெயரும் பருவம்’ நாவலில், இங்கிலாந்தில் படித்துவிட்டு சூடானில் இருக்கும் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பும் கதைசொல்லிக்குக் கடைசியில் வீடு கிடைத்ததா இல்லையா? முஸ்தஃபா சயீத் அவனுக்கு யார், அவன் நிழலா? முடிவில் ஏன் ஆற்றில் இறங்குகிறான்? கூடவே, கிழக்கும் மேற்கும் மோதும் கதை என்று எல்லோரும் எழுதிவைத்திருக்கிறார்களே, அவ்வளவுதானா என்றும் கேட்டிருந்தீர்கள்.

அவ்வளவுதான் என்றால் அந்த நாவலை இத்தனை வருஷம் கழித்து யாரும் படிக்க மாட்டார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணங்களுக்கு வருகிறேன். அவனை ஊரிலிருந்து பிரித்ததாக எல்லோரும் ஐரோப்பாவைக் குற்றம் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் தனக்கு நிழலும் வேரும் தந்தால் போதும், அங்கே நடப்பதற்குத் தான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று நினைத்தான் பாருங்கள், அங்கேதான் அவன் அந்நியனாகிறான். அவனுடைய ஊர் திரும்புதலுக்கான பரீட்சை ஹஸ்னா என்ற விதவையின் விஷயத்தில் வருகிறது. அதில் அவன் தோற்கிறான். ஆறு, கண்ணாடி, பேரீச்சமரம் எல்லாம் அந்தத் தோல்வியைச் சுற்றித்தான் நிற்கின்றன.

எழுதியவரைப் பற்றிச் சுருக்கமாக. சாலிஹ் 1929-ல் வட சூடானில், நைல் பெரிதாக வளைந்து ஓடும் பகுதியில் கர்மகோல் என்ற கிராமத்தில் பிறந்தார். கார்ட்டூமில் படித்து, லண்டனுக்குப் போய், பிபிசியின் அரபு வானொலியில் வேலை பார்த்தார். பிறகு கத்தார், யுனெஸ்கோ என்று சுற்றி, 2009-ல் லண்டனிலேயே இறந்தார். அதாவது ஊர் திரும்புதலைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதியவர் நிரந்தரமாக ஊர் திரும்பவே இல்லை. நாவல் 1966-ல் பெய்ரூத்தின் ‘ஹிவார்’ இதழில் வந்தது. டெனிஸ் ஜான்சன் டேவிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1969-ல். ‘ஹிவார்’ இதழுக்கு அமெரிக்க உளவுத் துறையின் பணம் ஓர் அமைப்பு வழியாக வந்துகொண்டிருந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது; கொஞ்ச நாளில் இதழும் நின்றுவிட்டது. ஏகாதிபத்தியத்தின் பொய்களைப் பேசும் நாவலுக்கு இப்படி ஒரு பிறப்பு! சாலிஹின் கதைக்குள்ளேயே இது ஒரு சம்பவமாக வந்திருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லியிருப்போம்.

சரி, கதைக்கு வருவோம்.

கதைசொல்லிக்குப் பெயர் கிடையாது. ஏழு வருஷம் இங்கிலாந்தில் இருந்து, யாருக்கும் தெரியாத ஓர் ஆங்கிலக் கவிஞரின் வாழ்க்கையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கி வருகிறான். முதல் காலை வீட்டில் கண் விழிக்கும்போது பேரீச்சமரங்களுக்கு நடுவே போகும் காற்றின் சத்தம் கேட்கிறது. கோதுமை வயலில் வீசும் காற்றுக்கு வேறு சத்தம் என்று அவனுக்குத் தெரியும். புறாவின் குரல் கேட்கிறது. முற்றத்தில் நிற்கும் பேரீச்சமரத்தைப் பார்க்கிறான், வேர் உள்ளவன், பின்புலம் உள்ளவன், ஒரு நோக்கம் உள்ளவன் என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொள்கிறான். தாத்தா ஹாஜ் அஹ்மதைப் போய்ப் பார்க்கிறான். அந்தக் கிழவர் காலத்துக்கு வெளியே நிற்பவர் போல, அப்படியே இருக்கிறார். இவ்வளவு இதமான ஒரு தொடக்கத்தை எழுதிவிட்டு, மீதி நூற்றுச் சொச்சம் பக்கங்களில் சாலிஹ் அதை ஒவ்வொரு செங்கல்லாக உருவுகிறார்.

முதல் செங்கல் அன்றைக்கே உருவப்படுகிறது, பலர் கவனிப்பதில்லை. ஊர்க்காரர்கள் சுற்றி உட்கார்ந்து ஐரோப்பாவைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே விவசாயிகள் இருக்கிறார்களா, கல்யாணம் எப்படிச் செய்வார்கள், இந்த மாதிரி. அவர்களும் சின்ன வித்தியாசங்களோடு நம்மைப் போலத்தான் என்று பதில் சொல்கிறான். இன்னும் நிறையச் சொல்ல நினைக்கிறான்: அவர்களும் பிறந்து சாகிறார்கள், தெரியாததைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அன்பு தேடுகிறார்கள் என்றெல்லாம். சொல்லவில்லை. மஹ்ஜூபுக்கு அது புரியாமல் போய்விடுமோ என்று தயங்குகிறான். இந்த மஹ்ஜூப் யார் என்றால் இவனுடைய பால்யத் தோழன், பள்ளியில் இவனைவிடக் கெட்டிக்காரன். விவசாயிக்கு இவ்வளவு படிப்பு போதும் என்று தொடக்கப் பள்ளியோடு நிறுத்திக்கொண்டு, இப்போது ஊரின் விவசாயக் கமிட்டியை நடத்துகிறவன். அவனுக்கா புரியாது? வந்த முதல் நாளே ஊரைப் பொத்திவைக்க வேண்டிய குழந்தையாக்கிவிட்டான் டாக்டர். இங்கிலாந்து இவனிடம் எதையாவது ஒட்டவைத்து அனுப்பியிருக்கிறது என்றால், இந்தத் தயக்கத்தைத்தான் சொல்வேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் எதுவும் கேட்காமல் லேசாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன்தான் முஸ்தஃபா சயீத். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து நிலம் வாங்கி, வீடு கட்டி, மஹ்மூதின் மகள் ஹஸ்னாவைக் கட்டிக்கொண்டு இரண்டு பையன்களோடு இருக்கிறான். பிறகு கதைசொல்லியைப் பார்க்க வரும்போது, எங்களுக்கு இங்கே கவிதை தேவையில்லை, நீ விவசாயமோ இன்ஜினியரிங்கோ மருத்துவமோ படித்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும் என்கிறான். கதைசொல்லிக்குச் சுருக்கென்று தைக்கிறது. இது என் ஊர், அந்நியன் இவன், இவன் ‘நாங்கள்’ என்று சொல்லும்போது அதில் நான் இல்லையே என்று பொருமுகிறான். நியாயமான பொருமல்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் முஸ்தஃபா சொன்னதும் சரிதான். கமிட்டிக்கு யோசனை சொல்கிறவன், கூட்டுறவுக் கடை லாபத்தில் நடக்க உதவுகிறவன், வயலில் தன் கையால் வேலை செய்கிறவன் அவன். ஊரில் பிறந்தவனுக்கு மரத்தைப் பார்த்தால் மனசு நிறைகிறது, ஊருக்கு வந்தவன் மரத்துக்குத் தண்ணீர் விடுகிறான். இந்த இரண்டு பேரையும் ஒரே முற்றத்தில் உட்காரவைத்ததுதான் நாவலின் சாமர்த்தியம்.

ஒரு நாள் சாராயம் குடிக்கும் இடத்தில் போதை ஏறி முஸ்தஃபா சுத்தமான உச்சரிப்பில் ஓர் ஆங்கிலக் கவிதையைச் சொல்லிவிடுகிறான். முதல் உலகப் போர்க் காலத்துக் கவிதை. கதைசொல்லிக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. விடாமல் துருவியதில், பிறகு முஸ்தஃபா தன் கதையைச் சொல்கிறான்.

அவன் பிறந்தது 1898 ஆகஸ்ட் 16, கார்ட்டூமில். இந்தத் தேதியைச் சும்மா வைக்கவில்லை. அதற்குப் பதினேழு நாள் கழித்து, செப்டம்பர் 2-ல், ஓம்துர்மான் போரில் பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் படை, அப்போது சூடானை ஆண்ட மஹ்தியவாதிகளின் அரசை முறித்துப்போட்டது. காலனி ஆட்சியும் இவனும் ஒரே வயசு. வெள்ளைக்காரர்களின் பள்ளி, பிறகு கெய்ரோ, பிறகு லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட். 24 வயசில் லண்டன் பல்கலைக்கழகத்தில் பொருளாதார விரிவுரையாளர். காலனியத்தின் பொருளாதாரத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறான், ஆப்பிரிக்க விடுதலைக்கான சங்கத்துக்குத் தலைவனாக இருக்கிறான். இரவில் வேறு வேலை. அகில், சந்தனம், யானைத்தந்தம், தீக்கோழி இறகு, பாரசீகக் கம்பளம், சுற்றிலும் கண்ணாடிகள் என்று தன் படுக்கையறையை ஒரு பொய்க் கிழக்காக ஜோடித்து, நைல் நதிக் கதைகளை அவிழ்த்துவிட்டு, அந்தக் கிழக்குக்கு ஏங்கும் பெண்களை அங்கே கூட்டி வருகிறான். ஆன் ஹாமண்ட், ஷீலா கிரீன்வுட், இசபெல்லா சீமோர் மூவரும் தற்கொலை செய்துகொள்கிறார்கள். அவனுடைய பொய்க்கு மயங்காத ஜீன் மாரிஸ், அவனை மூன்று வருஷம் அலையவைத்து, அவன் காட்சிக்கு வைத்திருந்த பூச்சாடியையும் பழைய கையெழுத்துப் பிரதியையும் தொழுகை விரிப்பையும் அவன் கண்ணெதிரே நாசமாக்கி, கடைசியில் அவனையே கல்யாணம் செய்துகொள்கிறாள். அவளை அவன் கத்தியால் குத்திக் கொல்கிறான்.

வழக்கமான விமர்சனம் இங்கே வந்து உட்கார்ந்துவிடும். காலனியத்துக்குப் பழிவாங்கியவன், படையெடுப்பைத் திருப்பிச் செய்தவன், ஜோசப் கான்ராடின் ‘இருளின் இதயம்’ நாவலில் வரும் காங்கோ பயணத்தைத் தலைகீழாக்கியவன். இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சயீத் 1993-ல் எழுதிய ‘பண்பாடும் ஏகாதிபத்தியமும்’ புத்தகத்திலும் அந்தத் தலைகீழாக்கம் பேசப்படுகிறது. தப்பில்லை. முஸ்தஃபாவே தன்னைப் படையெடுத்து வந்தவன் என்று சொல்லிக்கொள்கிறான். ரயில் போட்டது படையை ஏற்றிப் போக, பள்ளிக்கூடம் திறந்தது அவர்கள் மொழியில் ‘சரிங்க’ என்று சொல்லக் கற்றுக்கொடுக்க என்கிறான். ஆனால் கோர்ட்டில் நடப்பதைக் கவனியுங்கள். அவனைக் காப்பாற்ற நினைக்கும் வக்கீல், இந்தப் பெண்களைக் கொன்றது முஸ்தஃபா அல்ல, ஆயிரம் வருஷமாக இருக்கும் ஒரு கொடிய நோயின் கிருமி என்று வாதாடுகிறார். இரண்டு நாகரிகங்களின் மோதல் என்ற அந்தப் பெரிய விளக்கம் நாவலுக்குள்ளேயே ஒரு குற்றவாளிக்கான தற்காப்பு வாதமாகத்தான் வருகிறது. முஸ்தஃபாவுக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல் இருக்கிறது: நான் ஒதெல்லோ (ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வெள்ளைக்கார மனைவியைக் கொல்லும் தளபதி) இல்லை, ஒதெல்லோ என்பதே ஒரு பொய், இந்தப் பொய்யைக் கொன்றுபோடுங்கள் என்று. கத்தவில்லை. ஏழு வருஷம் சிறை. கதைசொல்லி படித்ததும் ஏழு வருஷம், இவன் ஜெயிலில் இருந்ததும் ஏழு வருஷம். ஆக, கிழக்கு மேற்கு மோதல் என்று நாம் கட்டுரை எழுதும்போதெல்லாம் அந்த வக்கீலின் அங்கியைத்தான் போட்டுக்கொள்கிறோம் என்பது என் கருத்து. மூன்று பெண்கள் தற்கொலை செய்துகொண்டார்கள், ஒருத்தி குத்திக் கொல்லப்பட்டாள். நாகரிகத்தின் பெயரால் அதை மறைக்க நாவல் விடவில்லை.

அடையாளம் என்ற விஷயத்துக்கு இங்கேயே வந்துவிடலாம், ஏனென்றால் முஸ்தஃபா ‘ஆப்பிரிக்கன்’, ‘அரபு’ என்ற பெட்டிகளில் அடங்க மாட்டான். அவனைப் பற்றிக் கார்ட்டூம் வழியில் கதைசொல்லிக்குக் கிடைக்கும் தகவல்களில் ஒன்று: அவன் அப்பா அபாப்தா பழங்குடி என்று சொல்வார்கள், அவர்கள் கிச்சனரின் படைக்கு வழிகாட்டியவர்கள். அம்மா தெற்கிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமை என்று பேச்சு. ஒரு பக்கம் வெள்ளைக்காரனுக்குப் பாதை காட்டிய குலம், இன்னொரு பக்கம் வட சூடானின் வீடுகளில் அடிமையாக இருந்த தெற்கு. அவன் திரும்பிப் போக ஒரு ‘தூய’ ஊர் எங்கே இருக்கிறது? சூடான் 1956 ஜனவரி 1 அன்று சுதந்திரம் அடைந்தது. தெற்கில் கலகம் அதற்கு முந்தின ஆண்டே தொடங்கிவிட்டது. நாவல் அந்தச் சண்டையை வெளிப்படையாகத் தொடவில்லை. ஆனால் அந்த அம்மாவை ஒரே வரியில் வைத்துவிட்டுப் போனதில், ‘நாம்’ என்று வடக்கத்திக்காரர்கள் சொல்லும்போது யார் விட்டுப்போகிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. இதை வைத்து இன்னும் நிறைய எழுதலாம். ஏனோ விமர்சகர்கள் லண்டன் படுக்கையறையைவிட்டு வெளியே வர மாட்டேன் என்கிறார்கள்.

ஜெயிலிலிருந்து வந்து பல ஊர்களில் அலைந்து கடைசியில் இந்தக் கிராமத்துக்கு வந்த முஸ்தஃபா, ஒரு ஜூலை இரவு, நைல் பெருக்கெடுத்த நேரத்தில் காணாமல் போகிறான். முங்கிவிட்டான் என்று முடிவு கட்டுகிறார்கள், உடல் கிடைக்கவில்லை. கதைசொல்லிக்கு ஒரு கடிதம் விட்டுப்போயிருக்கிறான். மனைவியையும் பிள்ளைகளையும் சொத்தையும் உன் பொறுப்பில் விடுகிறேன், என் தனி அறையின் சாவி இது.

பொறுப்பு. கதைசொல்லி வாழ்க்கையில் கேட்காமலேயே கைக்கு வந்த முதல் பொறுப்பு. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்கிறான்? கார்ட்டூமுக்குப் போய்விடுகிறான். அங்கே கல்வித் துறையில் வேலை, பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்து தாத்தாவிடம் உட்கார்ந்து, அந்த வாசனையை முகர்ந்துவிட்டுப் போகிறான். தலைநகரில் ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் கல்வி அமைச்சர்கள் பட்டும் சென்ட்டுமாக வந்து கூடும் மாநாட்டைப் பற்றி ஒரு பகுதி வருகிறது; பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கொட்டிக் கட்டிய சுதந்திர மண்டபத்தில் கூட்டம். சமத்துவம் பற்றிப் பேசும் அமைச்சருக்கு லுசெர்ன் ஏரிக்கரையில் மாளிகை. மஹ்ஜூப் கேட்கிறான், நீங்கள் எல்லாம் அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறீர்கள் என்று. என்னைப் போன்ற ஊழியனால் என்ன செய்ய முடியும் என்கிறான் இவன். 1966-ல் இதை எழுதியிருக்கிறார் சாலிஹ். வெள்ளைக்காரன் போனதும் ஊர் திரும்பியவர்களின் தலைமுறை நாட்டை எப்படி நடத்தியது என்பதற்கு அந்தச் சில பக்கங்கள் போதும்.

இப்போது ஹஸ்னா.

வத் ரய்யிஸ் என்ற எழுபது வயசுக்காரர், தாத்தாவின் நண்பர், கல்யாணம் செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர், ஹஸ்னாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார். இதே வத் ரய்யிஸ் முன்பு ஒரு காட்சியில் பின்த் மஜ்தூபோடும் தாத்தாவோடும் உட்கார்ந்து பச்சையாகப் பேசிச் சிரிக்கிறார். பின்த் மஜ்தூப் எழுபதைத் தொடும் கிழவி, பல கணவர்களைப் புதைத்தவள், ஆண்களோடு சரிசமமாகக் குடிப்பாள், புகைப்பாள். அந்தக் காட்சியைப் படிக்கும்போது நாமும் சிரிப்போம். கிராமம் என்றால் இப்படி வெள்ளந்தியாக, உடம்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் இருக்கும் என்று மயங்குவோம். அடுத்த சில பக்கங்களில் அதே சிரிப்புதான் ஹஸ்னாவின் கழுத்தில் கயிறாக விழப்போகிறது. வாசகனையும் அந்தத் திண்ணையில் உட்காரவைத்து, சிரிக்கவைத்து, பிறகு மாட்டிவிடுவதில் சாலிஹ் கொஞ்சம் இரக்கமற்றவர்.

தாத்தா தன் நண்பருக்காகத் தூது போகச் சொல்கிறார். காலத்துக்கு வெளியே நின்ற அந்தப் பேரீச்சமரம் கேட்பது இதைத்தான். கதைசொல்லி போகிறான். ஹஸ்னா தெளிவாகச் சொல்கிறாள்: கட்டாயப்படுத்தினால் அவரையும் கொல்வேன், நானும் சாவேன். இவனுக்கு அவள் மேல் காதலே இருக்கிறது, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டான். நீயே கட்டிக்கொள்ளேன் என்று மஹ்ஜூப் சொல்கிறான், நீதானே காப்பாளன். அந்த ஊரில் அது சாதாரண விஷயம், அவளும் அப்படிப் பெயரளவில் ஒரு கல்யாணம் நடந்தால் போதும் என்று பிறகு வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். இவன் ஒன்றும் சொல்லாமல் கார்ட்டூமுக்கு லாரி ஏறிவிடுகிறான். மேற்கத்திய நாகரிகம் கற்றவன் என்பதால் இரண்டாம் கல்யாணம் கூடாது என்று நினைத்தானா? சொந்த ஊர் வழக்கத்தில் தலையிடக் கூடாது என்று நினைத்தானா? இரண்டு சாக்கும் அவனுக்குக் கைவசம் இருந்தன, இரண்டும் எங்கே கொண்டுபோய் விட்டதோ அங்கேயே போனான். இரண்டு பண்பாடு தெரிந்தவனுக்கு இப்படி ஒரு வசதி உண்டு.

அந்த லாரிப் பயணம் நாவலிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. பாலைவனத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. வழியில் ஓர் அரசு வண்டி நிற்கிறது. புருஷனைக் கொன்ற ஒருத்தியைப் பிடிக்கப் போகிறார்களாம். கதைசொல்லி அதைக் கேட்டுக்கொண்டு தாண்டிப் போகிறான்; வாசகனுக்கு வயிற்றில் ஏதோ புரள்கிறது. இரவில் லாரிகள் வட்டமாக நின்று விளக்குகளைப் போட, பெதுவின்கள் என்ற பாலைவன நாடோடிகள், டிரைவர்கள், வழிப்போக்கர்கள் எல்லாம் சேர்ந்து காரணமே இல்லாமல் பாட்டும் ஆட்டமும். விடிந்ததும் அவரவர் வழி. யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில், முன்பின் தெரியாதவர்களோடு, அந்த ஓர் இரவு மட்டும் அவன் நிஜமாகவே ‘நாங்கள்’ என்று சொல்லும் நிலையில் இருக்கிறான். அங்கே யாரும் அவன் வேரைப் பற்றிக் கேட்கவில்லை, அதனால்தான்.

பிறகு தந்தி வருகிறது. ஹஸ்னாவை அவள் அப்பா அடித்துக் கட்டிவைத்திருக்கிறார். சில நாள் வத் ரய்யிஸைக் கிட்டே விடவில்லை. ஓர் இரவு அவர் பலவந்தம் செய்ய, சொன்னபடியே அவரைக் குத்திக் கொன்றுவிட்டுத் தானும் குத்திக்கொண்டு செத்திருக்கிறாள். ஊரில் யாரும் இதைப் பற்றிப் பேசத் தயாராக இல்லை. விஸ்கி பாட்டில் ஒன்றை வைத்துத்தான் பின்த் மஜ்தூபின் வாயிலிருந்து இவன் விஷயத்தை வாங்குகிறான். துக்கச் சடங்கு எதுவும் இல்லாமல் புதைத்துவிட்டார்கள். தாத்தா திட்டுகிறார், யாரை? பெண்களையும் அவளையும்தான். ஒரே ஒரு குரல் வேறு மாதிரி: வத் ரய்யிஸின் மூத்த மனைவி மப்ரூக்கா. அவர் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டார், அந்தப் பெண் சரியாகத்தான் கணக்குத் தீர்த்தாள் என்று சொல்லிக் குலவையிடுகிறாள். ஊர் என்றால் தாத்தாவும் பேரீச்சமரமும் மட்டும் என்று நினைத்தவனுக்கு, இத்தனை வருஷம் அதே ஊரில் இருந்த மப்ரூக்கா கண்ணில் படவே இல்லை. அவளும்தானே ஊர்?

மஹ்ஜூப் ஹஸ்னாவை ஏளனமாகப் பேச, இவன் அவன் கழுத்தைப் பிடிக்கிறான். பால்ய நண்பர்கள் கட்டிப் புரள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சாவியை எடுக்கிறான். அறைக்குள் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? இங்கிலாந்து. நைல் கரையில், வெயில் கொளுத்தும் ஊரில், கணப்பு அடுப்பு! விக்டோரியா காலத்து நாற்காலிகள், சுவர் முழுக்கப் புத்தகம், எல்லாம் ஆங்கிலம், குர்ஆன்கூட ஆங்கிலத்தில். அரபுப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. லண்டனில் பொய்க் கிழக்கை ஜோடித்தவன் சூடானில் பொய் மேற்கை ஜோடித்துப் பூட்டிவைத்திருக்கிறான். ‘என் வாழ்க்கைக் கதை’ என்று ஒரு நோட்டு. முதல் பக்கத்தில், ஒற்றைக் கண்ணால் பார்த்து ஒற்றை நாவால் பேசி எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளை, கிழக்கு மேற்கு என்று பிரிப்பவர்களுக்கு ஒரு சமர்ப்பணம். மீதிப் பக்கங்கள் காலி. அறையில் நுழைந்ததும் தீக்குச்சி வெளிச்சத்தில் முஸ்தஃபாவின் முகம் எதிரே வருகிறது, வெறுப்போடு நெருங்குகிறான். பார்த்தால் கண்ணாடியில் தன் முகம்.

இதைக் கொண்டுதான் முஸ்தஃபா அவனுடைய நிழல், இரட்டை என்கிறார்கள். நான் இதை இன்னும் நேராகப் படிக்கிறேன். முஸ்தஃபா ஐரோப்பியப் பெண்களுக்குக் காட்டியது ஒரு ஜோடனை செய்த ஆப்பிரிக்கா. கதைசொல்லி தனக்குத் தானே காட்டிக்கொண்டது ஒரு ஜோடனை செய்த கிராமம். அறைதான் வேறு. முஸ்தஃபாவின் அறைக்குப் போன பெண்கள் செத்தார்கள், இவனுடைய அழகான கிராமத்திலும் ஒருத்தி செத்தாள். இவன் கத்தியைத் தொடவில்லை, அவ்வளவு வித்தியாசம்.

இதே காலத்து மற்ற ஆப்பிரிக்க நாவல்களோடு வைத்துப் பார்த்தால் சாலிஹ் செய்தது என்ன என்று தெரியும். நைஜீரிய எழுத்தாளர் அச்செபேயின் 1960 நாவலில் இங்கிலாந்து போய் வந்த ஓபி, லாகோஸில் கடனிலும் லஞ்சத்திலும் மாட்டிக்கொள்கிறான். செனகல் எழுத்தாளர் ஷேக் ஹமிது கானின் 1961 நாவலில் பாரிஸிலிருந்து திரும்பும் சம்பா ஜாலோ தொழ முடியாமல் நிற்க, பைத்தியக்காரன் ஒருவன் கையால் சாகிறான். இரண்டிலும் திரும்பி வந்தவன்தான் பலி. சாலிஹிடம் திரும்பி வந்தவன் பிழைத்துக்கொள்கிறான், பலியானவள் ஊரைவிட்டே போகாதவள். அதனால்தான் இந்த நாவலை நான் மற்ற இரண்டையும்விட மேலே வைக்கிறேன்.

கடைசியாக ஆறு. அறையை எரிக்க நினைத்து, எரிக்காமல் வெளியே வந்து, விடிகாலையில் பிறந்த மேனியாக நைலில் இறங்கி வட கரையை நோக்கி நீந்துகிறான். பாதியில் தெம்பு போய்விடுகிறது. முன்னால் போக முடியாது, திரும்பவும் முடியாது. மேலே பறவைக் கூட்டம் வடக்கே போகிறது. ஆறு கீழே இழுக்கிறது. முஸ்தஃபா போன வழி அது. இதைக் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மனிதனின் படிமம் என்று எல்லா வகுப்பறைகளிலும் சொல்லிக்கொடுப்பார்கள், சரி. ஆனால் அங்கே அவன் மனசில் ஓடுவதைப் படியுங்கள். நான் வாழ்நாளில் எதையும் தேர்ந்தெடுத்ததே இல்லை என்று நினைக்கிறான். இப்போது உயிரைத் தேர்ந்தெடுக்கிறான். காரணம்? வேர் அல்ல, மரம் அல்ல, நாடு அல்ல. கூட இருக்க வேண்டிய சில பேர் இருக்கிறார்கள், செய்ய வேண்டிய கடமைகள் இருக்கின்றன, அவ்வளவுதான். முஸ்தஃபாவின் இரண்டு பையன்கள் இன்னும் அவன் காப்பில் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். மேடையில் கத்தும் கோமாளி நடிகனைப் போல, காப்பாற்றுங்கள், காப்பாற்றுங்கள் என்று கத்துகிறான். அங்கே நாவல் நிற்கிறது.

தன் ஊர்க்காரர்களிடம் அவன் உதவி என்று வாய் திறந்து எதையும் கேட்பது அதுதான் முதல் தடவை. முதல் நாள் ஐரோப்பாவைப் பற்றிக்கூட அவர்களிடம் முழுசாகப் பேசத் தயங்கியவன். ஆகவே வீடு கிடைத்ததா என்ற உங்கள் கேள்விக்கு, கிடைப்பதற்கு வேண்டிய முதல் காரியத்தை நாவலின் கடைசி வரியில்தான் செய்தான் என்பேன். அதற்கு ஹஸ்னாவின் உயிர் விலையாகப் போனது. அதை நாவல் அவனுக்கு மன்னித்துவிடவும் இல்லை.

அவன் பிழைத்தானா? நாவலின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள், கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களை விளித்து ‘ஐயாமாரே’ என்ற தோரணையில் தொடங்குகிறது. அரபுக் கதைசொல்லிகளின் மரபு அது. யாரோ சிலர் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்கிறான் என்றால் ஆற்றிலிருந்து மேலே வந்திருக்கிறான் என்றுதான் பொருள். யாரிடம் சொல்கிறான், ஊர்க்காரர்களிடமா, வேறு யாரிடமோ ஒரு விசாரணையிலா என்று சாலிஹ் சொல்லவில்லை. இரண்டாவது தடவை படிக்கும்போது இதை மனசில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், முதல் காலைக் காட்சியின் அந்த இனிமை முழுவதும் எல்லாம் முடிந்தபின் ஒருவன் கொடுக்கும் வாக்குமூலமாக மாறிவிடும்.

இன்னும் வேண்டுமென்றால் ‘ஜைனின் திருமணம்’ படியுங்கள். சாலிஹின் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் வத் ஹாமித் கிராமம்தான் களம், கல்யாணத்தில் முடியும் கதை, இதே எழுத்தாளரா என்று கேட்பீர்கள். அப்புறம் ‘பந்தர்ஷா’. அதில் வயதாகி ஓய்வு பெற்று ஊருக்கு வரும் ஒருவன் பேசுகிறான், ஊர் அதிகாரம் மஹ்ஜூப் கையைவிட்டு இளையவர்களிடம் போயிருக்கிறது. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், முதலில் எடுத்தால் யார் யாரென்று புரியாமல் மூடிவைத்துவிடுவீர்கள்.